பிப்ரவரியில் இருந்த மாடல்

புதன்கிழமை காலை எனக்கு வந்த டிக்கெட்டில், அதாவது ஆபீஸ் வேலைக் கோரிக்கையில், இரண்டே வரி. டிரக் ஓட்டுநர்களின் தூக்கக் கலக்கத்தைக் கணிக்கிற மாடல்கள் எவை எவை டேட்டாபேஸில் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்துத் தர வேண்டும். பெயர், உருவான தேதி, உருவாக்கியவர் மூன்றும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள். யார் தொடர்பாக என்ற கட்டத்தில் எல்வின் மாலோ என்று போட்டிருந்தது.

எல்வினை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். என் அப்பா ஆஸ்திரேலியாவில் மக்காய் ஊர் கரும்பு மில்லில் இருபத்தாறு வருஷம் பாய்லர் சாம்பல் அள்ளியவர். எல்வின் அதே ஷிஃப்டில் கரும்புப் பெட்டிகளைச் சங்கிலியில் மாட்டுகிற ஆள். ஒருநாள் சங்கிலி அறுந்து அவர் முகத்தில் அடித்தது. இடது புருவத்துக்குக் கீழே பதினேழு தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இமை அன்றிலிருந்து பாதிக்கு மேல் ஏறாது. பேசும்போது பாதித் தூக்கத்தில் இருக்கிற மாதிரியே இருப்பார். எங்கள் வீட்டில் எல்லாரும் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார்.

பிறகு அவர் மொரன்பா பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். பதினான்கு வருஷமாக இருநூற்று இருபது டன் டிரக் ஓட்டுகிறார். ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு. ஒரு கல்லை உரசியதில்லை.

போன வருஷம் எல்லா டிரக்கிலும் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கேமரா வைத்தார்கள். அது ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது எடுக்கிற படத்தை மாடல் பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரைக்கும் ஒரு எண் போடும். எண் புள்ளி எட்டைத் தாண்டினால் சீட் அதிரும். ஏழு நாள் வேலைக்குள் மூன்று தடவை தாண்டினால் டிரக்கை விட்டு இறக்கிவிடுவார்கள் என்ற விதி இந்தப் பிப்ரவரியில்தான் வந்தது. எல்வினுக்குப் பிப்ரவரி பத்திலிருந்து பதிமூன்றுக்குள் மூன்று தடவை தாண்டியது. அன்று இறக்கிவிட்டதுதான். ஐந்து வாரமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் அவர் மேல் தவறென்று எழுதிவிட்டால் சுரங்கத்துக்குள் நுழைகிற பாஸ் போய்விடும். ஒரு சுரங்கத்தில் போனால் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுரங்கத்திலும் டிரக் கிடைக்காது. அவருக்கு ஐம்பத்தொரு வயசு.

நான் அந்தக் கேமராக் கணக்கைச் சுரங்கத்துக்குச் செய்து தருகிற கம்பெனியில், மக்காயின் பேஜட் பகுதியில் டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற ஆபீஸில், டேட்டாபேஸ் பார்க்கிறவள். பெயர் ட்ரினா.

டிக்கெட்டைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. ஷரின். யூனியன் பிரதிநிதி. அதே சுரங்கத்தில் மண் பாதையைச் சமன் செய்கிற கிரேடர் ஓட்டுகிறாள். பின்னால் இன்ஜின் இரைச்சல் கேட்டது.

"ஏய் கம்ப்யூட்டர்காரி, உங்கிட்ட வந்துச்சா இல்லியா?"

"இப்பதான் வந்துச்சு."

"இப்பவா? நான் எழுதிக் குடுத்து பன்னெண்டு நாளாச்சுடி! ஆறாம் தேதி குடுத்தேன். ஒரு லிஸ்ட் எடுக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"நாலு செகண்ட்."

அவள் இன்ஜினை நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "எல்வின எடை போட்டது எந்த மெஷின், எப்ப செஞ்சது, எத வெச்சு டெஸ்ட் பண்ணாங்க. அத மட்டும் எங் கையில குடு. மீதிய நான் பாத்துக்கறேன். அந்தாளு தூங்கலன்னு எனக்குத் தெரியும். அவன் பொறந்ததே அந்த மூஞ்சியோடதாங்கற மாதிரி இருக்கான்."

"பொறக்கறப்ப நல்லாத்தான் இருந்தாரு."

"சரி சரி, எடு."

மாடல் என்று நாங்கள் சொல்வது ஒரு மூட்டை எண்கள். ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டி, இது விழிப்பு, இது தூக்கம் என்று பழக்கிய எண்கள். அதைக் கிளவுட் டேட்டாபேஸில், மற்ற டேபிள்கள் இருக்கிற இடத்திலேயே போட்டு வைத்திருக்கிறோம். எஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸ் மொழியில் ஒரு வரி எழுதினால் மாடல் எண் போடும். இன்னொரு வரி எழுதினால் என்னென்ன மாடல் இருக்கிறது என்று காட்டும். அந்த இரண்டாவது வரியைத்தான் நான் எழுதினேன்.

நான்கு வரிசை வந்தது. டயர் தேய்மானத்துக்கு ஒன்று. டீசலுக்கு ஒன்று. தூசிக்கு ஒன்று. களைப்புக்கு ஒன்று. களைப்பு மாடலுக்கு எதிரே தேதி பார்த்தேன். மார்ச் மூன்று. உருவாக்கியவர் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயர்.

தேதியை மறுபடி படித்தேன்.

மார்ச் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை. பிரிஸ்பேனில் உட்கார்ந்து மாடல்களைப் பழக்குகிற டோபி அன்று புதுசாக ஒன்று அனுப்பினான். நான்தான் ஏற்றினேன். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். மாடலின் பெயரை மாற்ற மாட்டோம். பெயர் மாறினால் சீட்டை அதிர வைக்கிற இடம், கன்ட்ரோல் ரூம் திரை, வாரா வாரம் போகிற அறிக்கை என்று நாற்பத்தொரு இடத்தில் மாற்ற வேண்டும். ஒரு தடவை மாற்றி, ஒரு இடத்தை மறந்து, பதினோரு டிரக்கின் சீட் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு இந்த வழக்கம். பழைய பெயரிலேயே புதுசை ஏற்று, பழசின் மேல் எழுது. ஏற்றும்போது மாற்றிய தேதியையும் காரணத்தையும் குறிப்பில் எழுத வேண்டும் என்று விதி உண்டு. ஒருவரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.

அப்படியானால் பிப்ரவரியில் எல்வினை எடை போட்டது இந்த மாடல் கிடையாது. அதே பெயரில் அதே இடத்தில் இருந்த வேறொன்று. அதன் மேல் நான் எழுதிவிட்டேன்.

கேமரன் என் மேலதிகாரி. கேம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். அரைக்கால் சட்டையும் வேலை பூட்ஸும் போட்டுக்கொண்டு, ஐஸ் காபி டப்பாவை உறிஞ்சிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

காட்டினேன். சொன்னேன்.

"அழிச்சது ஏழு நாளைக்கு உள்ள கிடக்கும். கேட்டா திரும்ப வரும்ல?" என்றான்.

"மூணாம் தேதி அழிச்சது. பத்தாம் தேதியோட போச்சு. இன்னைக்குப் பதினெட்டு."

"ஷரின் ஆறாம் தேதி கேட்டுட்டாளே?"

"கேட்டா. அது ஹெச்ஆர்ல மூணு நாள், வக்கீல் கிட்ட ஒரு வாரம், அப்புறம் உன் மெயில்ல ரெண்டு நாள்."

அவன் டப்பாவை நசுக்கினான். "என் மெயில்ல எரநூறு கிடக்கு."

"நான் உன்ன ஒண்ணும் சொல்லல."

"மூஞ்சி சொல்லுது."

நான்கு வரிசை என்பது எல்லாமும் இல்லை. அந்தக் கட்டளை, கேட்கிறவருக்கு எதைப் பார்க்க அனுமதி இருக்கிறதோ அதை மட்டும்தான் காட்டும். அனுமதி இல்லாததை, இருக்கிறது ஆனால் உனக்குக் காட்ட மாட்டேன் என்றுகூடச் சொல்லாது. பேசாமல் இருந்துவிடும். கேமிடம் சொல்லி அவனுடைய அனுமதியில் நுழைந்து மறுபடி கேட்டேன். முப்பத்தொரு வரிசை வந்தது.

அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மாடல்களின் பெயர்கள் அப்படி: கடைசி, உண்மையான கடைசி, கேம் சோதனை, மறுபடி சோதனை, வேண்டாம், வேண்டாம் இரண்டு. வேலையை விட்டுப் போனவர்கள் வைத்துவிட்டுப் போனது பாதி. இரண்டு மாடலுக்கு நாய்களின் பெயர். ஒன்றுக்கு ரக்பி ஆட்டக்காரன் பெயர். நான் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தேன். டோபி பழைய களைப்பு மாடலை எங்காவது ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம் அல்லவா? செய்கிற பையன்தான். பத்தொன்பதாவது வரிசையில் 'டோபியுடையது, அழிக்காதே' என்று ஒன்று. ஜனவரி இருபது.

"இதுதான்டா," என்றேன்.

டோபிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். எங்கோ கடையில் வரிசையில் நிற்கிறான் போல.

"டோபி, அழிக்காதேன்னு ஒண்ணு போட்டிருக்கியே, ஜனவரில. அது பழைய களைப்பு மாடலா?"

"எது? ஓ, அதுவா. அது டயர். பெரிய டயர் எப்ப வெடிக்கும்னு ஒண்ணு பண்ணேன். வேலை செய்யல. அழிச்சுக்கலாம்."

"பழைய களைப்பு உங்கிட்ட எங்கியாச்சும் இருக்கா? லேப்டாப்ல?"

"லேப்டாப்ல ஓட்டுநர் மூஞ்சிய வெச்சு பழக்குன எதையும் வெக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கீங்களே. ஏன், புதுசுல ஏதாச்சும் தப்பா?"

"புதுசுல தப்பில்ல. பழசுல என்ன தப்பு? எதுக்கு மாத்துன?"

டோபி மறைக்கிற ஆள் இல்லை. அதுதான் பிரச்சினை. சாதாரணமாகச் சொன்னான். "ஒரு கண்ணு இமை எறங்கின ஆளுங்க இருக்காங்கல்ல, அடிபட்டது, பக்கவாதம் வந்தது, அந்த மாதிரி. பழசு அவங்கள எல்லாம் தூங்கறாங்கன்னு போட்டுட்டு இருந்துச்சு. முப்பது பேர எடுத்துப் பாத்தேன், பாதிக்கு மேல தப்பு. அதான் மறுபடி பழக்குனேன். சாட்ல போட்டேனே, சின்னத் திருத்தம்னு. நீ தம்ஸ் அப் போட்டியே."

போட்டிருந்தேன். தேடிப் பார்த்தேன். 'களைப்பு மாடலில் சின்னத் திருத்தம், இமை சம்பந்தமாக, இன்று ஏற்றிவிடு.' கீழே என் கட்டைவிரல்.

"அந்த முப்பது பேர்ல எல்வின் மாலோ இருந்தாரா?"

"பேரு தெரியாது, நம்பர்தான். அதுவும் டிசம்பர் வீடியோ. பிப்ரவரி ஆளப் பத்தி நான் என்னத்தச் சொல்ல? அவரு அன்னைக்கு நிஜமாவே தூங்கிருக்கலாம்ல?" பின்னால் யாரிடமோ, "ஒரு ஸாஸேஜ் ரோல், ஸாஸ் வேண்டாம்," என்றான்.

போனை வைத்த பிறகு கேம் சொன்னான். "பிப்ரவரி வீடியோவ எடுத்துப் புது மாடல்ல போடு. தூங்கலன்னு வந்துட்டா முடிஞ்சு போச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

எனக்கும் அதுதான் தோன்றியது. போய்ப் பார்த்தேன். பிப்ரவரி பத்து முதல் பதிமூன்று வரை வீடியோ இருந்த இடம் காலி. இருபத்தெட்டு நாளைக்கு மேல் எந்த ஓட்டுநரின் முகத்தையும் வைத்திருக்கக் கூடாது. அது யூனியன் சண்டை போட்டு வாங்கிய ஷரத்து. கேமராவே வேண்டாம் என்று போன வருஷம் பதினோரு நாள் வாசலில் நின்றார்கள். கடைசியில் கேமரா இருக்கட்டும், இருபத்தெட்டு நாளில் அழித்துவிடு என்று முடிந்தது. ஷரின்தான் பேசி முடித்தாள். எல்வினும் அதற்குக் கை தூக்கினவர்.

மத்தியானம் ஷரினைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டாள்.

"அப்ப நானே அழிச்சுட்டேன்ங்கற."

"நீ இல்ல, ஷரின்."

"சரி, யாரு? நீயும் இல்ல, நானும் இல்ல, அந்த டோபிப் பயலும் இல்ல. அப்ப யாரு?"

பிறகு அவளே சொன்னாள். "நீ வெள்ளிக்கிழமை வந்து அந்த இமை விஷயத்தச் சொல்லு. பழசு தப்பா போட்டுச்சுன்னு. அது போதும்."

"சொல்றேன்," என்றேன்.

வெள்ளிக்கிழமை மழை. கூட்டம் எங்கள் ஆபீஸின் பின் அறையில். போகிற வழியில் கேம் என் தோளைத் தொட்டு நிறுத்தினான்.

"லிஸ்ட் கேட்டாங்க. லிஸ்ட் குடு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் வாயில இருந்து அதுக்கு மேல ஒரு வார்த்த வந்தா, அத அவங்க என்னவா மாத்துவாங்கன்னு உனக்குத் தெரியாது."

"அந்தாளு வேல போயிடும், கேம்."

"எனக்குத் தெரியாதா? எங்கப்பன் என்ன ஆபீஸ்லயா வேல பாத்தான்? ஆட்டு மயிர் வெட்டுனவன். நான் சொல்றது உனக்காக இல்ல, அந்தாளுக்காகத்தான்."

பயந்து பேசுகிறான் என்று நினைத்தேன்.

எல்வின் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நெஞ்சில் பேனா வேறு. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எழுந்து நின்று, "என்னம்மா ட்ரினா, அப்பா முட்டி எப்படி இருக்கு?" என்றார். இடது கண் வழக்கம்போலப் பாதி. பக்கத்தில் ஷரின் மஞ்சள் சட்டையோடு, ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருந்தாள். திரையில் பிரிஸ்பேனிலிருந்து இமோஜன், சுரங்கத்தின் மனிதவள அதிகாரி. முப்பது வயசு இருக்கும். அன்பாகப் பேசுகிற பெண். அவளைக் கெட்டவள் என்று என்னால் சொல்ல முடியாது.

இமோஜன் நான் அனுப்பிய பட்டியலைத் திரையில் போட்டாள். "களைப்பு மாடல் ஒண்ணு இருக்கு. சோதனையில நூத்துக்குத் தொண்ணூத்தி ஏழு சரியா இருந்திருக்கு. அங்கீகாரம் வாங்கினது. இதுல ஏதாவது கேள்வி இருக்கா?"

ஷரின் விரலால் திரையைத் தட்டினாள். "அது பொறந்த தேதியப் பாருங்க. மார்ச் மூணு. இந்தாள எறக்குனது பிப்ரவரி பதிமூணு. பொறக்காத கொழந்த எப்படி எடை போட்டுச்சு?"

"அதே மாடல்தானே? பேர் ஒண்ணுதானே இருக்கு?" இமோஜன் என் பக்கம் பார்த்தாள். "நீங்கதான் ட்ரினாவா? கொஞ்சம் விளக்க முடியுமா?"

கேம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன். பெயர் அதே பெயர், உள்ளே இருப்பது வேறு. பிப்ரவரியில் இருந்தது இப்போது இல்லை, நான் அதன் மேல் எழுதிவிட்டேன், திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தொண்ணூற்றேழு புதுசுக்கு. பழசுக்கு எவ்வளவு என்று யாருக்கும் இப்போது தெரியாது.

"இந்தப் பட்டியல்ல அது தெரியலையே," என்றாள் இமோஜன்.

"பட்டியல் இப்ப இருக்கறதத்தான் காட்டும். போனத காட்டாது."

"சரி. ஏன் மாத்தினீங்க?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். குறை நீக்கம் என்று ஒரு வார்த்தை போதும். நான் எல்வினைப் பார்த்தேன். மேசை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன். "முப்பது பேர எடுத்துப் பாத்தோம், இமை எறங்கின ஆளுங்கள பழசு தூங்கறாங்கன்னு தப்பா போட்டுச்சு. பாதிக்கு மேல தப்பு. எல்வின் அண்ணனோட இடது இமை இருபது வருஷமா அப்படித்தான் இருக்கு. மில்லுல அடிபட்டது. எங்கப்பா பக்கத்துல இருந்தாரு."

ஷரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? வேற என்ன வேணும்?"

இமோஜன் எழுதிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எல்வின்," என்றாள், மெதுவாக. "உங்களுக்குக் கண்ல ஒரு பாதிப்பு இருக்கா?"

"பாதிப்பெல்லாம் இல்லம்மா. இமைதான். கண்ணு நல்லாத் தெரியுது."

"வருஷா வருஷம் மருத்துவப் படிவம் நிரப்புவீங்களே. அதுல கண் சம்பந்தமான காயம் இருக்கான்னு ஒரு கேள்வி. பதினாலு வருஷமும் இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"கண்ல காயமில்லையே? இமையிலதானே..."

எல்வின் ஷரினைப் பார்த்தார். ஷரின் மேசைக்கு அடியில் என் காலை உதைத்தாள். நேரம் கடந்து வந்த உதை. நல்ல வலி.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஷரின். "பதினாலு வருஷமா உங்க டாக்டருங்க அந்த மூஞ்சியப் பாத்துதானே கையெழுத்துப் போட்டாங்க? அவங்களுக்குக் கண்ணில்லயா?"

"அதைப் பத்தியும் விசாரிப்போம். ஆனா இப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சு, ஷரின். தெரிஞ்சப்புறம் நான் ஒருத்தர அந்த டிரக்குல ஏத்த முடியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா தெரிஞ்சே ஏத்தினேன்னு ஆயிடும்." குரலில் வருத்தம் இருந்தது. நிஜமான வருத்தம்தான். "களைப்பு விஷயத்த முடிவு செய்யாம விட்டுடறோம். அது அவர் மேல இருக்காது. ஆனா சொல்லாத உடல் குறைன்னு தனியா ஒண்ணு திறக்கணும். கண் மருத்துவர் சான்றிதழ் வர வரைக்கும் பாஸ் நிறுத்தி வைக்கப்படும்."

"அப்ப நான் தூங்கலன்னு ஆயிடுச்சா?" என்று எல்வின் கேட்டார்.

"அது முடிவு செய்யப்படலை."

"தூங்கலன்னும் இல்ல, தூங்குனேன்னும் இல்ல."

"ஆமா."

"சரி," என்றார் எல்வின். வேறென்ன சொல்வார்?

வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்தில் தகரச் சாய்ப்புக்குக் கீழே மூன்று பேரும் நின்றோம். ஷரின் என் முகத்தைப் பார்க்காமல் சிகரெட் பற்ற வைத்தாள்.

"நாந்தான் சொல்லச் சொன்னேன்," என்றாள். "உன்ன திட்டக்கூட முடியல. கடுப்பா இருக்கு."

"திட்டு. பரவால்ல."

"திட்டி?"

எல்வின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "அண்ணே, மன்னிச்சுக்கங்க," என்றேன்.

"நீ என்ன பொய்யா சொன்ன? இமை எறங்கித்தானே இருக்கு," என்றார். சாவியை எடுத்துக்கொண்டார். பிறகு அவர் குரல் மாறியது. "ஆனா ஒண்ணு சொல்றேன் ட்ரினா. அந்த மெஷின் என்ன தூங்கறேன்னு சொன்னப்ப எனக்குக் கோபம் வந்துச்சு. அது பொய்யி, சண்ட போடலாம். இப்ப நீ சொன்னது நெசம். நெசத்துகிட்ட நான் எப்படிம்மா சண்ட போடறது?"

வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நான் மேசைக்குத் திரும்பியபோது இமோஜனிடமிருந்து மெயில் வந்திருந்தது. உங்கள் வெளிப்படையான பேச்சுக்கு நன்றி. பழைய மாடல் தவறாகக் கணித்ததாகச் சொன்ன, இமைக் குறை உள்ள அந்த முப்பது ஓட்டுநர்களின் ஊழியர் எண்களை இன்றைக்குள் அனுப்பவும். பாதுகாப்புக் கடமை கருதி.

கேமின் அறைக்குப் போனேன். "நான் இத எடுக்க மாட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"நீ எடுக்க வேணாம். நான் எடுக்கறேன். நான் எடுக்கலைன்னா டோபி எடுப்பான். அவனும் முடியாதுன்னா அவங்க ஆளே நேரா உள்ள வந்து எடுப்பான். டேட்டா அவங்களுது, ட்ரினா. நாம வாடகைக்கு இருக்கறவங்க." அவன் கீபோர்டை இழுத்துக்கொண்டான். "காலையில சொன்னேன்ல?"

"சொன்ன."

"நான் ஜெயிச்சேன்னு சொல்லல. எனக்கும் இது பிடிக்கல."

அவன் எஸ்க்யூஎல் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. முதல் தடவை தப்பு என்று சிவப்பில் வந்தது. இரண்டாவது தடவையும். "டோபி அந்த டேபிள எங்க வெச்சான்?" என்றான், என்னைப் பார்க்காமல். நான் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். போகவும் முடியவில்லை. என் வாயை மூடி வைத்தால் அந்த முப்பது பேருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் போல. அவன் டேபிள்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, கீழே இறங்கி இறங்கிப் படித்து, கண்டுபிடித்துவிட்டான். ஆறு நிமிஷம்.

முப்பது எண். ஏழாவது எண் எல்வினுடையது.

அதாவது டோபி டிசம்பரிலேயே எல்வினின் முகத்தைப் போட்டுச் சோதித்திருக்கிறான். பக்கத்துக் கட்டத்தில் பழைய மாடல் போட்ட எண் புள்ளி எட்டு ஆறு. அதற்குப் பக்கத்தில், வீடியோவைப் பார்த்த மனிதர் எழுதியது: விழிப்பு. இது புதன்கிழமையே கண்ணில் பட்டிருந்தால் காகிதமாக எடுத்துப் போயிருக்கலாம். நான் மாடல்களைத்தான் தேடினேன். டேபிள்களைத் தேடவில்லை. பட்டியல் கேட்டார்கள், பட்டியல் கொடுத்தேன்.

அதை உடனே இமோஜனுக்கு அனுப்பினேன். கேம் தடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. களைப்புக் குற்றச்சாட்டு ஏற்கெனவே முடிவில்லாமல் மூடப்பட்டுவிட்டதாம். இணைப்பில் உள்ள விவரம் இமைக் குறையை உறுதிப்படுத்துவதால் மருத்துவக் கோப்பில் சேர்த்துக்கொள்ளப்படுகிறதாம். நன்றி.

அடுத்த வியாழக்கிழமை எல்வினுக்குப் போன் செய்தேன். கண் டாக்டர் டவுன்ஸ்வில்லில்தான் இருக்கிறார்.

"எப்ப தேதி குடுத்தாங்க அண்ணே?"

"ஆகஸ்ட் பதினொண்ணு."

"அவ்வளவு தள்ளியா? அதுக்கு முன்னாடி இல்லியா?"

"யாராச்சும் வரலைன்னா கூப்புடறேன்னாங்க. என் டிரக்குக்கு வேற ஆள் போட்டாச்சுன்னு ஷரின் சொன்னா. இன்னும் நாலு பேர எறக்கிட்டாங்களாமே? அவங்களுக்கும் கண்ணா?"

"ஆமாண்ணே."

"அதுல ஒருத்தன் ராட்னி. சுரங்கக் கேம்ப்ல நான் தங்கற கேபினுக்கு அடுத்த கேபின். ஒரு கண்ணு கண்ணாடிக் கண்ணுன்னு நெனச்சுட்டு இருந்தோம் எல்லாரும்." லேசாகச் சிரித்தார். யாரோ பின்னால் அவரைக் கூப்பிட்டார்கள். "இரும்மா, மச்சினன் வேலி போடறான். கம்பத்துக்குக் குழி தோண்ட வந்திருக்கேன். மண்ணு நனைஞ்சு கெடக்கு, தோண்டத் தோண்ட மூடிக்குது."

"சரிண்ணே. வெக்கறேன்."

"ட்ரினா," என்றார். "யாராச்சும் கேட்டா, இனிமே என்னப் பத்தி ஒண்ணும் சொல்லாத. நல்லதுகூடச் சொல்லாத. என்ன?"

"சரிண்ணே," என்றேன்.